பின்னால் வந்த சத்தம்

"திரும்பிப் பார்க்காதே தங்கச்சி. பின்னால வர்றான்."

"யாரு அண்ணே?"

"மீசை. துப்பாக்கியோட."

சங்கத் தலைவர் நடையை எட்டிப் போட்டார். அவளும் சளைக்கவில்லை.

இன்று தொழிலாளர் அதிகாரி முன் அவள் சாட்சி சொல்ல வேண்டும். மர மில் ரம்பம் அவளுடைய வலது கையைத் தின்றுவிட்டது. ரம்பத்துக்கு மூடி இருந்தது, கவனக்குறைவு அவளுடையது என்றது கம்பெனி. மூடியே கிடையாது என்று அவள் நேரில் வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும். வராவிட்டால் தள்ளுபடி.

காலையில், அதிகாரி அலுவலகத்துக்குப் போகும் வழியிலிருந்த பாலத்தின் குறுக்கே சங்கிலி தொங்கியது. 'பாலம் பழுது' என்று ஒரு பலகை. பாலத்துக்கு ஒரு கேடும் இல்லை. நேற்று வரை கம்பெனி லாரிகள் அதன் மேல்தான் மரம் ஏற்றிப் போயின.

மிச்சமிருந்தது காட்டுவழி ஒன்றுதான்.

"அண்ணே, நம்ம ஆளுங்க வெட்டப் போறப்ப மரத்தைத் தட்டிக்கிட்டேதானே போவாங்க? யானை இருந்தா ஒதுங்கிப் போகட்டும்னு. நாமளும் தட்டலாமா?"

"தட்டினா யானை ஒதுங்கும். மீசை நெருங்குவான். வாயைக் கட்டிக்கிட்டு வா."

வாழ்நாள் முழுக்க முழக்கம் போட்டே தொண்டை கிழிந்த மனிதர். இன்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சருகு நொறுங்காமல் நடந்தார்.

மீசை ஒரு காலத்தில் சங்கத்து ஆள். போன வேலைநிறுத்தத்தில் எல்லோரும் மில் வாசலில் பட்டினி கிடக்க, முதலில் வேலைக்கு உள்ளே நுழைந்தவன் அவன்தான். அதற்குப் பரிசாகக் காவலாளி உடுப்பும் துப்பாக்கியும் கிடைத்தன. அன்றிலிருந்து தலைவர் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனைத் திட்டாமல் ஒரு கூட்டத்தை முடித்ததும் இல்லை.

டொக். டொக். டொக்.

பின்னாலிருந்து வந்தது சத்தம். துப்பாக்கிக் கட்டையால் மரத்தை இடிக்கிறான்.

"கேட்டியா? சைகை கொடுக்கிறான். முன்னால வேற ஆளுங்க நிக்கிறாங்க."

"சைகைன்னா முன்னாலருந்து பதில் வரணுமே அண்ணே?"

"உனக்கு இவனுங்களைத் தெரியாது."

ஒரு திருப்பத்தில் அவள் சட்டென்று நின்றாள். பாதை நடுவே யானைச் சாணம். இன்னும் ஆவி பறந்தது. பக்கத்து மூங்கில் முறிந்து, பச்சை வாடை வீசக் கிடந்தது.

தலைவரின் முகம் வெளுத்தது.

"முன்னால யானை. பின்னால துப்பாக்கி. நல்லா மாட்டிக்கிட்டோம். திரும்பிடலாம் தங்கச்சி. வேற நாள் கேட்டுப் பார்க்கலாம்."

"கொடுப்பாங்களா?"

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"கைதான் போச்சு அண்ணே. சாட்சி சொல்ல வாய் இருக்கு. அதையும் இங்கேயே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? நான் போறேன். பயமா இருந்தா நீங்க இங்கேயே நில்லுங்க. மீசை உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஆச்சு."

டொக். டொக். டொக். டொக். இப்போது வேகமாக, விடாமல்.

முன்னால் எங்கோ புதர் பிளந்தது. ஒரு பிளிறல். ஏதோ பெரிதாக நகர்ந்து நகர்ந்து தூரத்தில் தேய்ந்தது.

அவள் அதற்குள் பத்தடி போயிருந்தாள். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

தொழிலாளர் அதிகாரியின் அலுவலகத்துக்குள் அவள் நுழைந்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த கம்பெனி மேனேஜர் பேயைக் கண்டவர் போல எழுந்து நின்றார்.

அவள் சாட்சி சொன்னாள். தடுமாறவில்லை, அழவில்லை. ரம்பத்துக்கு மூடி இல்லாதது, கேட்டதற்கு மேஸ்திரி சிரித்தது, ரத்தத்தைக் கழுவிய பிறகு புது மூடி வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

உடனே தலைவர் எழுந்தார்.

"ஐயா, இன்னொரு புகார். இந்தப் பொண்ணு இங்கே வரக்கூடாதுன்னு துப்பாக்கியோட ஆளை ஏவி விட்டிருக்காங்க. அதோ, வாசல்ல நிக்கிறான் பாருங்க!"

அதிகாரி மீசையை உள்ளே கூப்பிட்டார்.

"எதுக்குய்யா இவங்களைத் துரத்தினே?"

"துரத்தலைங்க. மரத்தைத் தட்டிக்கிட்டு வந்தேன். யானை குட்டியோட நின்னுச்சு. இவங்க சத்தமே போடாம அது பக்கம் போனாங்க. பின்னாலருந்து தட்டினாத்தான் அது முன்னால நகரும்."

தலைவரின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

மேனேஜருக்கு உயிர் வந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கேட்டுக்கோங்க சார்! பாலம் பழுது, இவங்க காட்டுவழியா போறாங்கன்னு தெரிஞ்சதும், நான்தான் மனசு கேட்காம இவனை அனுப்பினேன். எங்க மேலேயே வழக்குப் போட்டவங்கதான். இருந்தாலும் மனுஷங்க இல்லையா? இதுக்குப் போய்க் கொலைப்பழி போடுறாரே இந்தத் தலைவர்!"

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். அவள் மீசையைப் பார்த்து, மிச்சமிருந்த ஒரு கையைக் கும்பிடுவதுபோலத் தூக்கினாள்.

"அப்படியாப்பா? மேனேஜர்தான் தட்டச் சொல்லி அனுப்பினாரா?" என்று கேட்டார் அதிகாரி.

மீசை துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி மேனேஜருக்கு முன்னாலிருந்த மேஜைமேல் வைத்தான். தொப்பியையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான்.

"தட்டச் சொன்னது அவர்தாங்க. ஆனா சுத்திப் போய் யானைக்கு அந்தப் பக்கம் நின்னு, தட்டி அதை இவங்க மேல விரட்டச் சொன்னாரு. நான்தான் இந்தப் பக்கம் மாறி நின்னேன்."