வறுத்த மண்

"சாராள், உங்க பொண்ணைக் கொஞ்சம் கழுவி விடக் கூடாதா?"

ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக ஹரிப்ரியா கேட்டாள். கீழ் வீட்டு வாசலில் ஐந்து வயது சிநேகா தலை முதல் கால் வரை சேறாக நின்று இளித்தது. பக்கத்தில் அதே வயது ஷ்யாம், ஹரிப்ரியாவின் ஒரே பிள்ளை, வகிடெடுத்த தலையும் பவுடர் முகமுமாகப் பளிச்சென்று நின்றான்.

"தோ, தண்ணி ஊத்தப் போறேன்க்கா. பக்கத்து மனைல வூடு கட்றாங்கல்ல, அந்த மண்ணுலயே கெடக்குது" என்றாள் சாராள்.

"என் பையனை மட்டும் அங்க விட்டுடாதீங்க. அவனுக்கு மண்ணுன்னாலே ஆகாது."

"சரிக்கா."

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஹரிப்ரியா வரும்வரை ஷ்யாமைப் பார்த்துக்கொள்வது சாராள்தான். கூலிக்கு இல்லை, ஒரு பாசத்துக்கு. அதெல்லாம் ஹரிப்ரியாவுக்குத் தெரியும். இருந்தாலும் மாடிப்படி ஏறியதும் கணவனிடம் பூரித்துப்போனாள்.

"ரெண்டுக்கும் ஒரே வயசு. வளர்ப்புல எவ்வளவு வித்தியாசம் பார்த்தீங்களா?"

லக்ஷ்மிநாராயணன் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ம்" என்றான். பத்து வருடத் தாம்பத்தியம்!

அந்தப் பூரிப்பு மூன்றாம் நாளே புஸ்ஸென்று இறங்கியது.

மாமல்லபுரத்தில், கடலோரச் சவுக்குத் தோப்பில், குழந்தைகளுக்கான கோடை முகாம். பத்து நாள். களிமண்ணைப் பிசைந்து பானை, பொம்மை, கோட்டை எல்லாம் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும். இருபதே இடம். அதில் ஒன்று ஷ்யாமுக்குக் கிடைத்ததற்கு ஹரிப்ரியா ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாயிற்று. இப்போது முகாம் நடத்தும் தெய்வநாயகி மேடம் போனில் குண்டைப் போட்டார்.

"முதல் நாள் ஒரு மணி நேரம் பார்ப்போம்மா. சேத்துல கை வைக்க அருவருப்புப் படற குழந்தையைக் கையோட வீட்டுக்கு அனுப்பிடுவோம். பதினஞ்சு பேர் காத்திருக்காங்க. கொஞ்சம் பழக்கிக் கூட்டிட்டு வாங்க."

ஹரிப்ரியா காலண்டரில் நாட்களை எண்ணினாள். இன்னும் ஒரே வாரம். தின்ற மைசூர்பாகைத் திருப்பியா வாங்க முடியும்?

அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. லக்ஷ்மிநாராயணன் ரோஜாத் தொட்டியிலிருந்து மண்ணைத் தோண்டிக் கொடுத்தான். அவள் அதை மாவுச் சல்லடையில் சலித்து, வாணலியில் கொட்டி, அடுப்பைப் பற்றவைத்தாள்.

"என்ன பண்றே?"

"வறுக்கறேன். கிருமி சாகட்டும்."

"பொன்னிறமா வந்ததும் இறக்கிடு. கடுகு தாளிக்கணுமா?"

"விளையாடாதீங்க!"

வறுத்த மண்ணில் கேன் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, எவர்சில்வர் தட்டில் வைத்து நீட்டினாள். ஷ்யாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஒரே ஒரு விரல் கண்ணா."

"ம்ஹூம். மண்ணைத் தொடக் கூடாது."

சாக்லேட் காட்டினாள். மசியவில்லை. மறுநாள் லக்ஷ்மிநாராயணன் தானே தரையில் உட்கார்ந்து பிள்ளையார் பிடித்தான். அது நிஜமாகவே குரங்காய்த்தான் முடிந்தது. அடுத்த நாள் கன்னமெல்லாம் சேற்றை அப்பிக்கொண்டு யானைபோலப் பிளிறினான். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். கையை மட்டும் நீட்டவில்லை.

"இவ்வளவு சுத்தமா வளர்த்தது என் தப்புதான்" என்று ஹரிப்ரியா அழாத குறையாகச் சொன்னாள். அதிலும் பாதி பெருமைதான்.

முகாம் நாள் வந்தது. மூன்று செட் துணி, நான்கு துண்டு, ஒரு பாட்டில் டெட்டால் சகிதம் ஊரப்பாக்கத்திலிருந்து விடிந்தும் விடியாமல் காரில் கிளம்பினார்கள்.

தோப்பு நடுவில் ஒரு குன்று உயரத்துக்கு ஈரக் களிமண். அதைப் பார்த்ததுமே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஹரிப்ரியா கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டினாள்.

"இங்க தொடலாமா மிஸ்?" ஷ்யாமின் குரல்.

"தாராளமா தொடலாம்."

தொப்!

கண்ணைத் திறந்தால், பையன் முழங்கால் வரை சேற்றில்.

"ஐ! ஜோரா கீது!"

கால் மணி நேரத்தில் கோட்டைச் சுவர் எழும்பியது. சுற்றிலும் அகழி. நடுவில் கிணறு. தெய்வநாயகி மேடம் மூக்கில் விரலை வைத்தார்.

"பதம் பார்த்துத் தண்ணி தெளிக்கிறானே! யாரும்மா பழக்கினது?"

ஹரிப்ரியா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "நான்தான் மேடம். ஒரு வாரமா வீட்லயே ட்ரெயினிங்."

லக்ஷ்மிநாராயணன் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

"இல்ல மிஸ், சாராள் ஆன்ட்டி!" என்று கத்தினான் ஷ்யாம். "சிநேகா விளையாடறதப் பார்த்துப் பார்த்து நான் அழுதேனா, பாவம்னு விட்டாங்க. தினமும் சட்டையைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டுத்தான் விடுவாங்க."

ஹரிப்ரியாவுக்கு முகம் சிவந்தது. "அப்புறம் வீட்ல ஏன்டா தொடவே மாட்டேன்னே?"

"உனக்குப் புடிக்காதாம். நம்ம வூட்ல மண்ணைத் தொடக் கூடாதுன்னு ஆன்ட்டி ப்ராமிஸ் வாங்கிட்டாங்க."

"பொய் சொல்லாதே. நான் வரும்போதெல்லாம் நீ பளிச்சுன்னு இருப்பே. அந்த சிநேகா மட்டும்தானே சேறும் சகதியுமா..."

"மணி அஞ்சரை ஆச்சுன்னா, அக்கா வந்துடும்னு ஆன்ட்டி என்னைத்தாம்மா மொதல்ல குளிப்பாட்டுவாங்க" என்றான் ஷ்யாம், கிணற்றிலிருந்து தலையைத் தூக்காமலே. "சிநேகாவுக்குத் தண்ணி ஊத்தறதுக்குள்ள நீ வந்துடறே!"