மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம்

"அக்காவுக்கு இரவில வேர்த்துக் கொட்டினதோ?"

"உடுப்பைப் பிழியலாம், மிஸ்."

"வாய்க்குள்ள புண்?"

"வெள்ளை வெள்ளையா. தண்ணிகூட இறங்காது, பாவம்."

எண்ணெய்ச் சட்டியின் முன்னால் குந்தியிருந்து சுதாஜினி விடை சொன்னாள். செத்துப்போன அக்காவின் கைக்குழந்தை பின்னால் பாயில் கிடந்து சிணுங்கியது.

ஊர்களில் யார் எப்படிச் செத்தார்கள் என்று வீடு வீடாக விசாரிப்பது சுகாதாரத் தொண்டர் சிவனேஸ்வரியின் வேலை. சண்டை ஓய்ந்து வவுனியாப் பாதை திறந்த அடுத்த வருடம் மாங்குளத்தில் ஒருத்தி இதே அறிகுறிகளோடு போனாள். பிறகு மல்லாவியில் ஒரு புருசனும் பெண்சாதியும். இப்போது ஜெயபுரத்தில் சுதாஜினியின் அக்கா கமலாசனி.

லொறிகள் திரும்பும் இடங்களிலெல்லாம் அந்தச் சாவும் திரும்பி வந்திருந்தது. கமலாசனியின் கணவன் யோகலிங்கம் லொறிச் சாரதி.

எயிட்ஸ்.

அந்தப் பெயரை எந்த வீட்டிலும் வாய் திறந்து சொல்லக்கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை.

"ஆண்டுத் திவசம்கூட வரேல்லை. என்ன பலகாரம்?"

"அத்தானுக்கு நாளைக்குக் கலியாணம். பிள்ளையளைப் பாக்க ஆள் வேணுமெல்லோ."

சிவனேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா போனால் தங்கச்சி. வழமைதான். இவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

கட்டளை அடுப்பில் போகட்டும்.

"தங்கச்சி, இந்தக் கலியாணம் உங்களுக்கு வேண்டாம். அக்காவைக் கொண்டுபோன வருத்தம் அத்தானிட்டையும் இருக்கும். உங்களுக்கும் வந்திடும்."

சுதாஜினி பக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஐயோ மிஸ், பொம்பிளை நானில்லை! அக்கா சாகமுதல் எனக்கும் அம்மாவுக்கும் எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் போனவா. அத்தான் என்னைக் கேட்டவர்தான். அம்மா ஒரேயடியா மாட்டன் எண்டிட்டா."

சிவனேஸ்வரிக்கு மூச்சு வந்தது.

"அப்ப ஆர் பொம்பிளை?"

"விசுவமடுப் பிள்ளை. நல்ல வடிவு. அத்தானுக்கு வேற ஆக்கள் இல்லை. நாங்கள்தான் மாப்பிள்ளை வீடு."

"அந்தப் பிள்ளைக்கு விசயத்தைச் சொன்னனீங்களோ?"

சட்டியில் கிடந்த பயித்தம் பணியாரத்தைச் சுதாஜினி கருகாமல் பிரட்டிப் போட்டாள்.

"சொன்னா, அக்காவுக்கு என்ன வருத்தமெண்டு ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். பிறகு என்னை ஆர் மிஸ் கட்டுறது?"

விசுவமடுப் பக்கம் இப்படியொரு சாவை விசாரிக்கச் சிவனேஸ்வரி இதுவரை போனதில்லை.