பத்து நாள் கெடு

'வருமானத்தில் மாற்றம் உண்டா?' என்ற கேள்விக்கு நேரே, 'ஆம்' என்ற கட்டத்தில் வெர்லீன் டிக் செய்தாள். எப்போதிலிருந்து என்ற இடத்தில் 'மார்ச்' என்று எழுதியதும் படிவத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். இது ஆகஸ்ட்.

பக்கத்து நாற்காலி ட்ரெஸ்ஸா அதற்குள் பார்த்துவிட்டாள். மேல் வீட்டுக்காரி. வீட்டில் உட்கார்ந்தே ஊராருக்குத் தலை பின்னிச் சம்பாதித்ததை மறைத்து, போன வருஷம் இதே வாடகை உதவி அலுவலகத்தில் மாட்டிக்கொண்டவள்.

"அஞ்சு மாசமா? அடியேய், என்னை என்ன பேச்சு பேசினே. 'அரசாங்கம் நமக்கு வாடகை குடுக்குது ட்ரெஸ்ஸா, வருமானம் மாறினா பத்து நாளுக்குள்ள சொல்லணும் ட்ரெஸ்ஸா'ன்னு."

"மெதுவா பேசுடி."

"நான் எதுக்கு மெதுவா பேசணும்? அங்க பாரு, சுவத்துல நீ சிரிச்சுக்கிட்டிருக்கே."

வெர்லீன் திரும்பவில்லை. 'விரைவில் உதவியின்றிச் சொந்தக் காலில் நிற்கப்போகிறவர்கள்' என்ற பலகையில் முதல் படமே அவளுடையதுதான். மருத்துவமனைச் சமையலறையில் மேற்பார்வையாளர் ஆனபோது இங்கேதான் எடுத்தார்கள். அன்று கைதட்டிய அத்தனை பேரும் இன்றும் கவுண்டரில் இருந்தார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒஹாயோ வெயிலுக்குப் பொருந்தாத முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டபடி அதிகாரி கர்டிஸின் அறைக்குள் போனாள்.

கர்டிஸ் படிவத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மார்ச்சா? மிஸ் வெர்லீன், நீங்களா இப்படி? உங்க படத்தைக் காட்டித்தான் மத்தவங்களுக்கு நான் புத்தி சொல்றேன்."

அவள் தலை குனிந்தது.

"வருமானம் ஏறினா வாடகையில நீங்க கட்டற பங்கு ஏறும், குறைஞ்சா குறையும். அவ்வளவுதானே? இதுல ஒளிக்க என்ன இருக்கு? ஏமாத்தினதா எழுதிட்டா உதவியே நின்னுடும். அப்புறம் உங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க போவீங்க?"

"தப்புதான்."

"பங்கை மட்டும் மாசாமாசம் ஒண்ணாந்தேதி டாண்ணு கட்டியிருக்கீங்க. ஒரு நாள் தவறல. கையில தாராளமா இருக்கப்போய்த்தானே?"

அவர் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போடும்போது சட்டைக் கை மேலேறி, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சும் பட்டையும் தெரிந்தன.

"ரத்த பிளாஸ்மா குடுக்கறீங்களா? அந்த மையத்துல காசு தர்றாங்களே, அதுக்காகவா?"

"வாரம் ரெண்டு தடவை."

"அதையும் விடறதில்ல." கர்டிஸ் கசப்பாகச் சிரித்தார். "போதும்கற எண்ணம் யாருக்குத்தான் வருது."

வெர்லீனுக்குக் காது மடல் வரை சுட்டது. சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள்.

"ஏன் சொல்லல? அதையாவது சொல்லுங்க."

"வெட்கமா இருந்துச்சு."

"இந்த நாற்காலியில உக்காந்து நூறு சாக்கு சொல்லியிருக்காங்க. வெட்கம்னு இன்னிக்குத்தான் கேக்கறேன்." அவர் கணினிப் பக்கம் திரும்பினார். "சரி, எழுதிக்கறேன். மணிக்கு எவ்வளவு ஏத்திக் குடுத்தாங்க?"

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ட்ரெஸ்ஸாவின் சிரிப்புச் சத்தம். வெர்லீன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

"வேலை போயி அஞ்சு மாசமாச்சு, சார்."