படத்துக்கு இருபது நொடி

"வந்தாச்சா?" மேடையோரம் நின்ற டீச்சர் நான்காவது முறையாகக் கேட்டாள். விரல்கள் பச்சைப் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தன.

"முதல் வரிசையில உட்கார வெச்சிருக்கேன்மா. நீலச் சட்டை," என்றாள் மகள். "சுருக்கமாப் பேசு. நீட்டினா எழுந்து போயிடுவாரு."

"பிடிக்குமாடி அவருக்கு?"

நூலகர் சிரித்தார். "என்ன டீச்சர், கல்யாணப் பொண்ணு கணக்கா இப்படிப் படபடக்கறீங்க!"

நூலகத்தின் மாதக் கூட்டம் அது. திரையில் ஆளுக்கு இருபது படம் காட்டிப் பேச வேண்டும், படத்துக்கு இருபது நொடி. நொடி முடிந்தால் படம் தானாக மாறிவிடும், யாருக்காகவும் நிற்காது.

டீச்சரின் தலைப்பு, 'என் வீட்டுக்காரர்'. எந்தப் படத்திலும் அவர் முகம் இல்லை. அவர் புழங்கிய சாமான்கள்தான். முன்வரிசையிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும் அவளுக்கு.

கம்பி ஒடிந்த குடை. "குடை பிடிக்கறேன்னு பக்கத்துல வந்தாரு. நனைஞ்சது நான், நனையாதது அவரு." நீலச் சட்டைக்காரர்தான் முதலில் சிரித்தார். டீச்சருக்கு உயிர் வந்தது.

கசங்கிய சட்டை. "தினமும் ஒரு பட்டன் மாத்தித்தான் போடுவாரு. கேட்டா, 'சரி பண்ணத்தான் நீ இருக்கியே'ம்பாரு."

பத்தொன்பதாவது, கைப்பிடி போன டீ கப். "இதை உடைச்சது யாருன்னு முப்பது வருஷமா எங்களுக்குள்ள சண்டை."

நீலச் சட்டைக்காரர் சட்டென்று முன்னால் சாய்ந்தார். உதடுகள் எதையோ சொல்லப் பிரிந்தன. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

படம் மாறிவிட்டது. அவர் பின்னால் சாய்ந்துகொண்டார்.

கடைசிப் படம், ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள். அதற்கென்று வரி எழுதி வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டாள். இருபது நொடியும் அவரையே பார்த்தபடி நின்றாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் அவரே அவளைத் தேடி வந்தார், மகள் ஓரடி பின்னால். டீச்சரின் கை தன்னால் நீண்டு, அவர் சட்டையில் மாறிக் கிடந்த பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டது. அவர் கூச்சத்தில் நெளிந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்கம்மா. கொடுத்து வெச்ச மனுஷன்," என்றவர் அரங்கைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வரலீங்களா?"