யாருடைய முதுகு?

"இதுல இருக்கிறது எங்க தலைவர் இல்லைன்னு சொல்லிடுவீங்களா, சார்?"

கட்சியின் நகரச் செயலாளர் அன்றைய நாளிதழை மேசைமேல் ஓங்கி அறைந்தார். சன்னலைப் பார்த்து அமர்ந்திருந்த பத்திரிகை ஆசிரியர், தம் நாற்காலியை மெல்லத் திருப்பினார். கீழே வாசலில், கேலிச்சித்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத அறுபது பேர், அதே நாளிதழுக்குத் தீ வைத்துவிட்டு முழக்கமிட்டுக்கொண்டிருந்தனர்.

சித்திரத்தில் முகமே இல்லை. நாற்காலியில் அகன்றதொரு முதுகு. காகிதக் கட்டின்மேல் சாய்ந்துறங்கும் தலை. தரையெங்கும் சிதறிய தாள்கள். அவ்வளவே.

"பேரு இல்லை, கொடி இல்லை, மூக்குகூட இல்லை. உங்க தலைவர்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"ஜனங்க கொடுத்த மனுவைத் தலைக்கு வெச்சுத் தூங்குறவர் இந்த ஊர்ல வேற யாரு?"

சொன்ன பிறகுதான் செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். உடன் வந்தவர் இருமினார்.

"பேச்சை மாத்தாதீங்க! இதை வரைஞ்ச அம்மா தற்காலிக வேலையிலதானே இருக்காங்க? நாளையிலேருந்து வராதீங்கன்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது. அஞ்சு மணி வரைக்கும் டைம்."

அலமாரி ஓரமாக நின்றிருந்த ஓவியர், புறங்கையில் காய்ந்திருந்த மையைச் சுரண்டிக்கொண்டே ஆசிரியரின் வாயையே பார்த்தார்.

"அஞ்சு மணி எதுக்கு? இப்பவே சொல்றேன். இவங்க எங்கேயும் போகமாட்டாங்க" என்று ஆசிரியர் எழுந்தார். "உறுத்துச்சுன்னா அந்த ஆளை முழிச்சு உட்கார்ந்து வேலையைப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு கேலியைத் தாங்கமுடியாதவருக்கு நாற்காலி எதுக்குய்யா?"

செயலாளர் பதில் சொல்வதற்குள் அவருடைய கைப்பேசி அலறியது.

"அண்ணே... இங்கதாண்ணே... எல்லாத்தையுமா? இன்னிக்கேவா?" முகம் தொங்கிப்போயிற்று. "படத்தைப் பார்த்துட்டுத் தலைவர் மனுவையெல்லாம் பிரிச்சுப் படிக்கப்போறாராம். கை போதலை, கூட்டத்தைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாரு."

செயலாளர் கூட்டத்தோடு கிளம்ப, வாசல் காலியாயிற்று. எரிந்த தாள்களின் கரி மட்டும் காற்றில் மிதந்தது.

"பார்த்தியாம்மா? ஒரே படம்! ஆளை அப்படியே உரிச்சு வெச்சுட்டே!"

"சார்... நான் அந்தத் தலைவரை நேர்ல பார்த்ததே இல்லை."

"பின்னே யாரைப் பார்த்து வரைஞ்சே?"

ஓவியர் கதவைக் காட்டினார். "போன வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், இந்தக் கதவுகிட்ட நின்னு வரைஞ்சேன், சார். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மூணு வருஷமா நான் கொடுத்த விண்ணப்பமெல்லாம் அந்தக் கட்டுலதான் இருக்கு."

ஆசிரியர் திரும்பித் தம் மேசையைப் பார்த்தார், முகம் சிவந்தது, பிறகு, வாய்விட்டுச் சிரித்தபடியே கட்டை அவிழ்த்து, பேனாவைத் திறந்தார்.