ஒரே ஒரு புள்ளி

“இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அந்தக் கிழத்தைக் கொன்னுடணும். உன் கையாலேயே.”

மேலாளர் காபியை ஊதிக்கொண்டே சொன்னார். ஒன்பது வருஷமாக அவள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியதை ஒரே நாளில் முடி என்றால் யாருக்குத்தான் கை வரும்?

‘கிழம்’ என்று அவர் சொன்னது ஒரு வலைப்பக்கத்தை. சிறுநீரகம் பழுதானவர்கள் வாராவாரம் டயாலிசிஸுக்கு இடம் பிடிக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் அது. பின்னால் வந்த புதுப் பக்கம் புதுப் பிரவுசர்களுக்கான புது விதிகளின்படி பளபளவென்று எழுதியது. பழைய பிரவுசரில் திறந்தால் வெறும் வெள்ளைதான் தெரியும். பழைய பிரவுசரை வைத்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்காகத்தான் அவள் இந்தச் சாதாப் பக்கத்தையும் விடாமல் வைத்திருந்தாள். நாலு கட்டம், ஒரு பட்டன், அவ்வளவுதான். இதனாலேயே ஆபீசில் அவளுக்குப் ‘பழைய பதிப்பு’ என்று பட்டப்பெயர்.

“சார், அதை நம்பி இருக்கிறவங்களுக்கு இடம் கிடைக்கலைன்னா ரத்தம் சுத்தம் பண்ண வழியே இல்லை. ஒரு வாரம் தாங்க மாட்டாங்க.”

“யாரும்மா இருக்காங்க? ஒரு ஆளைக் காட்டு, நான் வாயே திறக்கலை. மீட்டர், அந்தப் படத்தைப் போடுப்பா.”

மீட்டர் என்பது பக்கத்து மேஜைக்காரர். வலைப்பக்கத்துக்கு யார் எந்தப் பிரவுசரில் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்வது அவர் வேலை, அதனால் அந்தப் பெயர். மூன்று மாதம் முன்பு தானே எழுதிய கணக்கெடுப்புப் புரோகிராமைப் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் திரையில் காட்டினார்.

“வர்றவங்க பிரவுசருக்குள்ளேயே ஓடி எண்ணும், முழுக்க முழுக்கப் புது விதிப்படி எழுதினது சார். பழைய வாடையே அடிக்காது! பழசுக்கும் ஒரு வரிசை வேணும்னீங்க, போட்டிருக்கேன்.” சொல்லிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டு தன் வேலைக்குப் போய்விட்டார்.

புதுப் பிரவுசர் வரிசையில், வந்தவருக்கு ஒன்றாகப் புள்ளிகள் எறும்பாக மொய்த்தன. பழைய பிரவுசர் வரிசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மூன்று மாதமும் பூஜ்யம்.

“அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள இங்க ஒரே ஒரு புள்ளி விழட்டும், உன் கிழத்தை விட்டுடறேன்” என்றார் மேலாளர்.

அவள் டயாலிசிஸ் பிரிவு நர்சுக்குப் போன் போட்டாள். “சிஸ்டர், உங்க நோயாளிங்க எந்தப் பிரவுசர்ல வர்றாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”

“பிரவுசரா? அது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு என்னையே திருப்பிக் கேப்பாங்க மேடம்! ஆனா ஏழாம் மெஷின் ஐயா ஒருத்தர் இருக்கார், ரிட்டயர்டு தபால்காரர். இருபது வருஷத்துக் கம்ப்யூட்டர்ல நானே இடம் பிடிக்கிறேன்னு பீத்திக்குவார்.”

கிடைத்துவிட்டது ஆள்! அவள் மேலாளரிடம் ஓடினாள்.

“பீத்திக்கிற பேச்சு வேற, கணக்கு வேற” என்றார் அவர். “அவர் பொண்ணு தன் போன்ல இடம் பிடிச்சுக் கொடுத்திருப்பா, இவர் பேர் வாங்கிக்கிறார். நிஜமா வர்றவர்னா புள்ளி எங்கேம்மா?”

பெரியவர் சும்மா அளந்து விடுகிறார் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த வாரத்துக்கான பதிவு மாலை ஆறு மணிக்குத் திறக்கும். முன்கூட்டியே எட்டிப் பார்க்கிறவர்கள் ஏராளம், அதில் ஒருவராவது பழசில் வர மாட்டாரா என்று சாப்பிடக்கூடப் போகாமல் அந்த வெற்று வரிசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் பூத்துப் போனதுதான் மிச்சம்.

ஐந்து மணிக்கு மேலாளர் பின்னால் வந்து நின்றார். “நகல் கிகல் வச்சுக்காதே. அதையும் சேர்த்து அழி.”

அழித்தாள். போயும் போயும் ஒரு வலைப்பக்கத்துக்காகவா அழுவது என்று அடக்கிக்கொண்டாள்.

ஆறு மணிக்குப் பதிவு திறந்தது. வழக்கமாகப் பத்தே நிமிஷத்தில் நூற்றிருபது இடமும் நிரம்பிவிடும். இன்று ஆறரைக்குப் பதிவு மூடியபோது முப்பத்தொரு இடம் மீதி. மூடினால் மூடியதுதான். மீதி இடங்கள் தானாகவே வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடும், அடுத்த பதிவு அடுத்த வெள்ளிக்கிழமைதான்.

“பார்த்தியா, தள்ளுமுள்ளே இல்லை! கிழம் போனதும் பக்கம் எப்படிப் பறக்குது!” மேலாளர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் நர்ஸ் போனில் வந்தாள். “என்ன மேடம் ஆச்சு? வழக்கமா வர்ற முப்பது பேரைப் பட்டியல்ல காணோம். ஏழாம் மெஷின் ஐயா பேரும் இல்லை!”

அவள் போனை வைத்தாள். மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்த மீட்டரின் முன்னால் போய் நின்றாள்.

“மீட்டர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பழைய பிரவுசர்ல ஒருத்தர் வந்தா, உங்க படத்துல எவ்வளவு நேரத்துல புள்ளி விழும்?”

மீட்டர் காதிலிருந்து இயர்போனை எடுத்தார். இது என்ன கேள்வி என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

“பழசுலயா? அதுல என் புரோகிராம் ஓடவே ஓடாதே, மேடம்!”