முதலாளி மாதிரியே

“உட்காருங்கண்ணே. இன்னிக்கு இது உங்க நாற்காலி” என்று முதலாளியே தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தபோது வாட்ச்மேனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பதினெட்டு வருடமாக ‘யோவ்’ தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிடாத வாய் அது.

நாற்காலி வேறு சுற்றித் தொலைத்தது. மேசை விளிம்பைப் பிடித்து ஒருவழியாக அதை நிறுத்தினார். முதலாளி தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, தங்க ஃபிரேம் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினார். ஏசிக் காற்றைக்கூட அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

“எத்தனை வருஷ உழைப்பு! உங்களுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா?”

பக்கத்தில் நின்ற வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சார், மரியாதையைச் சீக்கிரம் முடிங்க. ஜீப் கிளம்பிடுச்சாம்.”

அது துணிக்குச் சாயம் போடும் ஆலை. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் கரண்டைத் தின்கிறது என்று முதலாளி அதை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. மண்ணில் ஊறிய சாயம் குடிதண்ணீர்க் கிணற்றை எட்டி, நேற்றிலிருந்து ஊர்க் குழாய்களில் எல்லாம் ரோஸ் கலரில் தண்ணீர் கொட்டுகிறது.

“ஊரே கொதிச்சுப் போய்க் கிடக்கு. இந்தத் தடவை முதலாளியைத்தான் தூக்குவாங்க. வர்ற அதிகாரி ஊருக்குப் புதுசு, முதலாளி முகம் தெரியாது” என்றார் வக்கீல். “அதனால இன்னிக்கு நீங்கதான் முதலாளி. பத்து நாள் உள்ள இருங்க, நான் வெளிய எடுத்துடறேன்.”

வாட்ச்மேனுக்கு இப்போதுதான் ‘அண்ணே’யின் அர்த்தம் விளங்கியது. போன வருடம் பழைய ஒயரால் குடோன் தீப்பிடித்தபோது, வாட்ச்மேனின் பீடியால் வந்த வினை என்று எழுதி, பீடியே பிடிக்காத மனிதரைப் பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். ‘இன்னொரு தடவை அந்த ஆளுக்காக உள்ள போனீங்க, வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது’ என்று மனைவி அன்றே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

“முடியாதுங்க. வீட்ல சேர்க்க மாட்டா.”

“யோவ், முடியாதுன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!” அண்ணன் யோவாக மாற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வாட்ச்மேன் நழுவிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம். முதலாளி எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுங்க, போதும்” என்று வக்கீல் தட்டிக்கொடுத்தார். “பதினெட்டு வருஷமா பார்க்கறீங்கள்ல?”

“பார்த்திருக்கேங்க.”

தொழிலாளிகளுக்கு விடுமுறை கொடுத்து அனுப்பியாகிவிட்டது. கேட்டில் ஆள் இல்லாவிட்டால் சந்தேகம் வரும். அதனால் முதலாளி வாட்ச்மேனின் காக்கிச் சட்டையையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, தொந்தியின் மேல் இரண்டு பொத்தான் போட முடியாமல், முணுமுணுத்தபடி கேட்டுக்குப் போனார்.

அதிகாரி புயல் மாதிரி உள்ளே வந்தார். காலையில் துவைக்கும்வரை வெள்ளையாக இருந்த அவருடைய சட்டை, இப்போது நல்ல ரோஸ் கலரில் இருந்தது. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

“எங்கய்யா இந்த ஆலையோட முதலாளி?”

வக்கீல் நாற்காலியைக் காட்டினார். அதிகாரி பார்த்தார். பெரிய மேசை, சுழல் நாற்காலி, தங்க ஃபிரேம். அவருடைய கை தானாகத் தொப்பியைக் கழற்றியது.

“வணக்கம் ஐயா. தொந்தரவுக்கு மன்னிக்கணும்.”

வாட்ச்மேன் பதறி எழுந்து வணக்கம் வைக்கப் போனார். நல்லவேளை, நாற்காலி சுற்றி அவரை மறுபடி உட்கார வைத்துவிட்டது. நடுங்கிய காலை மறைக்க அதன்மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் அதிகாரியின் குரல் இன்னும் இரண்டு படி இறங்கியது.

“உங்களைப் போன்ற பெரியவங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்றது எனக்கே சங்கடம்ங்க ஐயா. ஆனா கணக்குக்கு யாராவது ஒருத்தரை நாங்க கூட்டிட்டுப் போயே ஆகணும். ஜனங்க சும்மா விட மாட்டாங்க.” எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். “ஐயாவே சொல்லிடுங்க. யாரை எழுதட்டும்?”

வக்கீல் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இப்படி ஒரு கேள்விக்கு அவர் பாடம் நடத்தியிருக்கவில்லை.

வாட்ச்மேன் மனைவியை நினைத்துக்கொண்டார். வாசப்படியை நினைத்துக்கொண்டார். பிறகு முதலாளி செய்வது போலவே கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, அலுப்பாகக் கையை வீசினார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எல்லாம் அந்த வாட்ச்மேன் பண்ணின வேலை. கழிவுக் குழாயைத் திறந்து விட்டுட்டுத் தூங்கியிருப்பான். கேட்டுல உட்கார்ந்திருக்கான் பாருங்க, கூட்டிட்டுப் போங்க.”

“நானும் நினைச்சேன் ஐயா! வரும்போதே பார்த்தேன், எனக்கு ஒரு சல்யூட் இல்ல, கேட்டைத் திறக்கக்கூடத் தெரியல. திமிர் பிடிச்சவன்!”

அதிகாரி கண் காட்ட, போலீஸ்காரர்கள் கேட்டை நோக்கி ஓடினார்கள். வக்கீல் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் தானும் ஜீப்பில் ஏற வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார்.

சன்னலுக்கு வெளியே காக்கிச் சட்டையின் மிச்சப் பொத்தான்களும் தெறித்தன. ஊர் மொத்தமும் கேட்கிற மாதிரி ஓர் அலறல் கிளம்பியது.

“ஐயோ, விடுங்கய்யா! நான்தான்யா முதலாளி!”